மூன்றாவது பொத்தான்

பழைய மின்சாரக் கார் வாங்கப் போன தையற்காரியும் அவள் கணவரும் பேட்டரியைப் பற்றித்தான் துருவித் துருவி விசாரித்தார்கள். அதில் குறையில்லை. விற்பவர் ஓட்டுநர் இருக்கையின் மூன்று பொத்தான்களைக் காட்டினார்.

"ஆளுக்கு ஒண்ணு. அழுத்தினா அவங்க உயரத்துக்கு சீட் தானா வந்து நிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் பொத்தானில் அவளும் இரண்டாவதில் அவரும் தங்கள் அளவைப் பதிந்தார்கள். சும்மா மூன்றாவதை அழுத்திப் பார்த்தாள். இருக்கை நன்றாக முன்னால் நகர்ந்து, உயர்ந்து நின்றது. பத்து வயதுப் பிள்ளை உட்காரும் அளவு. அவர்கள் மகள் பத்து வயதில்தான் இறந்துபோனாள்.

கணவர் அந்தப் பதிவை அழித்தார். மறுநாள் அது மறுபடியும் இருந்தது.

அவள் தையல் நாடாவால் பெடலிலிருந்து இருக்கை வரை அளந்தாள். பிறகு மாதம் தவறாமல் அளந்தாள். ஒவ்வொரு மாதமும் மூன்றாவது பொத்தானுக்கு இருக்கை கால் அங்குலம் பின்னால் போய் நின்றது.

ஒரு வருடம் போனது. "பயமா இருக்கும்மா. இதை வித்துடலாம்," என்றார் கணவர்.

"வளர்ற பொண்ணை எங்க கொண்டுபோய் விடச் சொல்றீங்க?"

அவர் எழுந்து போய்க் காரைச் சார்ஜில் போட்டார்.