பத்தாவது மீன்

“கண்ண மூடிக்கினு மீனைத் தடவுறா பாரு! இன்னாடி, சாமி வரப் போவுதா?” என்றாள் சந்திரம்மாள். மீன் வாங்க வந்தவள்தான். வாங்கி அரை மணி நேரமாகிவிட்டது. வேடிக்கையை விட்டுப் போக மனசில்லை.

மாடத்தி கண்ணைத் திறக்காமல் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரகடத்துக் கார் கம்பெனியில் கதவுத் தகடுகளை உள்ளங்கையால் தடவியே நெளிசலைக் கண்டுபிடித்தவள். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. பிள்ளைப்பாக்கத்தில் பலராமனின் மீன் பண்ணையில் வேலை கிடைத்தால் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பஸ். பை பக்கத்திலேயே தயாராக இருந்தது.

கட்லாவும் ரோகுவும் கலந்து பிறந்த மீன்கள். பார்த்து ஆண், பெண் சொல்வது கஷ்டம். பலராமன் போன வாரமே பத்து மீன்களின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, நம்பர் கட்டி, நோட்டில் குறித்திருந்தார்.

“செவுளாண்ட கீற ரெக்க சொரசொரன்னா ஆம்பள, வழவழன்னா பொம்பள. பத்தும் நோட்டுல கீற மாதிரியே வரணும். ஒண்ணு தப்பினாலும் கெளம்பிடணும், இன்னாம்மா?”

“சரி அண்ணாச்சி.”

ஒன்பது மீன்கள் மளமளவென்று இரண்டு டப்புகளில் விழுந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. சந்திரம்மாளுக்கே வாய் அடைத்தது. நம்ப முடியாத விஷயம்தான்.

பத்தாவதில் கை நின்றது.

“இது ரெண்டுலயும் சேராது அண்ணாச்சி.”

“அப்ப மடியில போட்டுத் தாலாட்டு!” சந்திரம்மாளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

பலராமன் நோட்டை மூடினார். “போச்சேம்மா. அமுக்கினப்ப வெள்ளையா வந்துச்சு. சுத்தமான ஆம்பள.”

“ரெக்க ஆம்பளதான். வயிறு பொம்பள மாதிரி மெத்துன்னுலா இருக்கு? சந்தேகம் வந்தா பீஸைத் தனியா எடுத்து வைக்கணும், ஓக்கேன்னு தள்ளி விடக் கூடாது. கம்பெனி லைன்ல அப்படித்தான். அறுத்துப் பாருங்க.”

“அறு பலராமா, கொழம்புக்கு நான் எடுத்துக்கறேன்” என்றாள் சந்திரம்மாள்.

கத்தி வயிற்றைத் திறந்தது. ஒரு பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று விந்துப்பை.

“ஆம்பள! ஆம்பள!” சந்திரம்மாள் கைகொட்டினாள். மாடத்தி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

பலராமன் மீனைத் திருப்பி, மறுபக்கத்தையும் விரித்தார். அங்கே மஞ்சள் மஞ்சளாக முட்டைகள்.

பலராமன் நோட்டைத் திறந்து, பத்தாவது வரியை அடித்துவிட்டு, அதை மாடத்தியிடம் நீட்டினார்.

“பையக் கீழ வை மாடத்தி. நாளையிலேர்ந்து நீ எழுது.”