கொழும்புக் கட்டளை

கடிதத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டு போன ஆழ்வாப்பிள்ளை நடுவில் நிறுத்தினார். முகம் இறுகியிருந்தது.

"என்னண்ணை, கெட்ட செய்தியோ?" என்று கேட்டார் முதியோர் இல்லத்து மனேச்சர் சோமசேகரம்.

"நல்லது எண்டு சொல்லேலாது. கொஞ்சம் பொறுங்கோ."

பொறுமை சோமசேகரத்துக்குப் பழக்கமில்லாத சாமான். சிங்களச் சட்டம் வந்த நாளிலிருந்து கொழும்பு அரசாங்கக் கந்தோர்க் கடிதமெல்லாம் சிங்களத்தில்தான் வருகின்றன. வாசிக்கத் தெரியாமல் ஒன்றை மேசை லாச்சிக்குள் போட்டுவைத்து, பிறகு மேலிடத்தில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டவர் அவர். நல்லகாலத்துக்குப் போன வருடம் ஆழ்வாப்பிள்ளை இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்.

கொழும்பில் இருபத்தைந்து வருடம் கிளாக்கர் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு வயதுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கும்போதே, அறுபத்துமூன்றாம் ஆண்டில், பென்சனோடு நீர்வேலிக்குத் திரும்பியவர். கொழும்பு என்ற ஒரு சொல்லே மனேச்சருக்குப் போதுமாக இருந்தது. கடிதம் வந்தால் நேரே அவருடைய கட்டிலடிக்கு வந்துவிடுவார்.

அடுத்த கட்டிலில் தியாகராசா கிடந்தார். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்ட மனிதர். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். விடியவே நனைந்த விரிப்பு மத்தியானமாகியும் மாற்றப்படவில்லை. மாற்ற வேறு விரிப்பு இல்லையாம்.

இருந்தது. மலாயாப் பென்சன்காரர் ஒருவர் கொடுத்த இரண்டு டசின் புது விரிப்புகள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. திறப்பு மனேச்சரின் இடுப்பில் இருந்தது. பெரிய ஆட்கள் பார்க்க வரும் நாளில்தான் விரிப்பாராம். அதுவரைக்கும் இந்த மனிதனின் முதுகு தாங்குமா என்பது அவருடைய கவலை இல்லை.

கேட்காமலும் இல்லை. வயோதிபர்களைப் பராமரிக்கும் தங்கமுத்து மூன்று மாதமாகக் கேட்டாள். "பாப்பம்" என்றார். ஆழ்வாப்பிள்ளை கேட்டார். "கொமிற்றியிலை கதைப்பம்" என்றார். எழுத்தில் கொடுத்தபோது, "எழுத்திலை தந்தால் வில்லங்கம், அண்ணை" என்று திருப்பிக் கையில் வைத்தார். அந்த ஆத்திரத்தில் ஆழ்வாப்பிள்ளைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுந்து நடமாட முடியாதவர்களின் படுக்கை விரிப்பு தினமும் மாற்றப்பட வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகில் புண் இருந்தால் அப்போதிக்கரியை அழைத்து மருந்து கட்ட வேண்டும்."

"போன மாசம் கிணத்தடிப் பாசியைச் சுரண்டச் சொன்னாங்கள். இந்த மாசம் இதோ? உவங்களுக்கு வேறை வேலை இல்லையோ?"

"நான் கிளாக்கர், தம்பி. கட்டளை போடுறவன் இல்லை."

"செய்யாட்டி?"

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி, சால்வைத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். "முன்னறிவித்தல் இன்றி அதிகாரி வருவார். குறை கண்டால் இல்லத்தின் பதிவு ரத்துச் செய்யப்படும்."

மனேச்சரின் நெற்றியில் வேர்த்தது. "பதில் போட வேணுமோ?"

"தேவையில்லை எண்டு அடியிலை கிடக்கு."

கடிதத்தை அவரிடமே விட்டுவிட்டு சோமசேகரம் எழும்பினார். இடுப்புத் திறப்பு கைக்கு வந்தது. "தங்கமுத்து, அலுமாரியைத் திற. இவரைப் புரட்டு. சுடுதண்ணி வை. இவ்வளவு நாளும் என்ன செய்து கொண்டிருந்தனி?"

மூன்று மாதம் கேட்டவளுக்கு இந்தக் கேள்வி. தங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சுடுதண்ணீர் வைத்தாள்.

கோப்பாயிலிருந்து அப்போதிக்கரி சைக்கிளில் வந்தார். புண்ணைக் கழுவி மருந்து கட்டினார். "இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் எலும்பு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"நாங்கள் ஒவ்வொரு நாளும் விரிப்பு மாத்திறனாங்கள்" என்றார் மனேச்சர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பின்னேரம் தியாகராசா புது விரிப்பில் சரிந்து படுத்து, முனகாமல் நித்திரையானார். தேத்தண்ணீர் கொண்டு வந்த தங்கமுத்து, கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"கிளாக்கர் ஐயா, ஒண்டு கேக்கட்டோ? கொழும்பிலை இருக்கிற துரைக்கு இவரின்ரை முதுகுப் புண் எப்பிடித் தெரியும்?"

ஆழ்வாப்பிள்ளை மனேச்சரின் அறைக் கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "துரைக்குத் தெரியாது, பிள்ளை. எனக்குத்தான் தெரியும்."

தங்கமுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது.

"அப்ப உந்தக் கடிதத்திலை உண்மையா என்னதான் எழுதிக் கிடக்கு?"

அவர் கடிதத்தை மடித்து, தலையணைக்குக் கீழே போன மாதத்துக் கடிதத்தோடு வைத்தார்.

"சிங்களம் வாசிக்கத் தெரிஞ்சிருந்தால் நான் ஏன் பிள்ளை ஆறு வருசம் முந்திப் பென்சன் எடுத்தனான்?"