பங்காளி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் பார்க்க வந்தது முகத்தை.

வெள்ளைத் தோல். ஓரம் சிவந்த காது. சேறு இல்லை, நாற்றம் இல்லை. ஆஸ்பத்திரித் தரையைவிடச் சுத்தமாக இருந்தது கொட்டில். ஆனாலும் பன்றி பன்றிதான்.

அதன் வயிற்றுக்குள், அவருடைய உயிரணுக்களிலிருந்து முளைத்து, அவருக்கென்றே ஒரு சிறுநீரகம் வளர்ந்திருந்தது.

நாளைக் காலை அதை எடுப்பார்கள். எடுத்தபின் பன்றி உயிரோடு இருக்காது.

"பாக்கணும்னு யாரும் கேக்கறதில்ல. பாக்காம இருக்கிறதே நல்லது," என்று டாக்டர் தயங்கினார்.

அவர் விடவில்லை. எந்த வாசலிலிருந்து வருகிறது என்று தெரியாமல் சம்பந்தம் பேசும் வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது.

மகன் கார்மேகம் பின்னால் நின்றான். அப்பாவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கை. இனி அது தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சிறுநீரகம் இல்லையென்றால் அவர் இல்லை.

ஊரில் விஷயம் கசிந்துவிட்டது.

அவர்தான் ஊர் அம்பலம்; ஊர்த்தலைமை அவர் வீட்டுக்கு. ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை சுமக்கும் புரவி எடுப்பில், மரியாதைத் துணியான பரிவட்டம் முதலில் அவர் தலையில் ஏறும். பிறகுதான் மற்ற தலைகள். அதற்கு ஏங்கும் தலைகள் ஊரில் உண்டு. போன வாரம் சித்தப்பா மகன் மலைச்சாமி டீக்கடையில் வைத்தே கேட்டான்.

"ஏண்ணே, பன்னிக் கிட்னியாமே? இனிமே பரிவட்டத்தை எங்கிட்டுக் கட்டுறது? தலையிலயா, வாலுலயா?"

கடையே சிரித்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஐயனார் முன்னால் தவிர அந்தத் துண்டு தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கியதில்லை.

"அது பன்னி இல்லடா. என் ரத்தம். டாக்டரே சொல்லிட்டாரு. நீ எப்பிடி எனக்குப் பங்காளியோ, அப்பிடித்தான் அதுவும்."

சிரிப்பு நின்றது.

பங்காளி என்றால் சும்மா இல்லை. சொத்தில் பங்கு, சாவில் தீட்டு. தீட்டுள்ள தலை அந்த வருசம் கோயில் படி ஏறாது. தெரிந்துதான் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. அம்பலம் வாயிலிருந்து வந்த சொல் திரும்பி உள்ளே போனதில்லை.

இங்கே கொட்டிலில் இப்போது தீனி நேரம். மற்ற கொட்டில்களில் உறுமலும் முட்டலும். வாளியோடு எலிசா வந்தாள். இவற்றைப் பார்த்துக்கொள்கிறவள். முதல் கொட்டிலைத் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். நேராக இதனிடம் வந்தாள்.

"வரிசைப்படி அங்கருந்துதான் வரணும் சார். இவருக்கு முதல்ல வைக்கலன்னா தொட மாட்டாரு. ஒருக்க மாத்தி வச்சிட்டேன். நாள் பூரா பட்டினி. திரும்பிக்கூடப் பாக்கலயே. அப்பிடியொரு ரோசம்."

கார்மேகம் சிரித்துவிட்டான். அப்பாவைப் பார்த்ததும் நிறுத்தினான்.

அவனுடைய கல்யாணப் பந்தியில் முதல் இலை தவறிப்போனதற்காக அப்பா பட்டினியாக எழுந்து போனது இரண்டு ஊருக்கும் தெரியும்.

தீனி விழுந்தும் அது நகரவில்லை. எலிசா ஒதுங்கி நின்ற பிறகே நடந்து வந்தது. நிதானமாக. பக்கத்துக் கொட்டில்கள் கத்திக்கொண்டிருந்தன. அது தலையைத் தூக்கி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தது.

சத்தம் அடங்கியது.

பிறகு அவரைப் பார்த்தது.

வெளிறிய இமைமயிர். அதன் கீழே பழுப்புக் கண். யார் முன்னாலும் பார்வையைத் தாழ்த்தாதவர் அவர். அதுவும் தாழ்த்தவில்லை.

"ஏம்மா," என்றார். "இதுக்குள்ள அந்தச் சிறுநீரகம் மட்டுந்தானா நானு?"

எலிசாவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"டாக்டரு அப்பிடித்தான் சார் சொல்றாரு."

அவள் அடுத்த கொட்டிலுக்குப் போய்விட்டாள்.

கார்மேகம் மெல்ல அருகில் வந்தான்.

"வேணாம்னா வேணாம்ப்பா. சொல்லிருவோம்."

"யாரு வேணாம்னது? காலையில நடக்கிறது நடக்கட்டும்."

பிறகு சொன்னார்:

"பூசாரிக்குப் போனைப் போடு. இந்த வருசம் பரிவட்டம் நமக்கில்ல. வீட்டுல தீட்டுன்னு சொல்லு."

"தீட்டா? யாருப்பா செத்தது?"

அவர் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மலைச்சாமிக்கும் சொல்லிரு. அவனுக்கும் தீட்டு உண்டு."

கார்மேகம் கைப்பேசியை எடுத்தான். எண்ணை அழுத்தவில்லை.

உள்ளே அது தீனியைப் பாதியில் விட்டது. திரும்பியது. முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டினார்.

அது திரும்பிப் பார்க்கவில்லை.