வெள்ளைப் பெட்டி

"மூடுங்கப்பா, சீக்கிரம்" என்று பதறினாள் மகள்.

அவளுடைய கல்லூரி இடத்தை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். இன்னும் எட்டே நிமிடம்.

பக்கத்தை மறைத்த மெத்தை விளம்பரத்தை அப்பா மூடினார். அடுத்து கூந்தல் எண்ணெய் வந்தது.

"என் வழுக்கைக்கு விக்கிறான் பாரு, கடங்காரன்."

அதையும் மூடி, 'உறுதிசெய்' பொத்தானை அழுத்தினார். வெள்ளைப் பெட்டி ஒன்று விரிந்தது. ஆமை வேக இணையத்தில் எழுத்து வரவில்லை.

"அடுத்தது சோப்பா? போடா."

மூடினார். மறுபடி அழுத்தினார், மறுபடி அதே பெட்டி. இப்படியே மூன்று முறை மூடினார்.

நான்காவது பெட்டியில் மகள் கையைப் பிடித்தாள். "இருங்கப்பா, எழுத்து வருது."

மெல்ல வந்தது.

'இந்த இடம் வேண்டுமா என்று மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் மூடிவிட்டீர்கள். இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது.'