சொருகினால் அழியும்

"எம் மகளோட காதுகுத்துப் படம் பூராம் இதுலதான் இருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல. யாரு பதில் சொல்றது?"

சுரேஷ்கண்ணன் வீசிய பென்டிரைவ் மேசையில் வழுக்கிக்கொண்டு போய் நாகஜோதியின் டீ டம்ளரில் முட்டி நின்றது. கம்ப்யூட்டர் லேப்பில் இருந்த மாணவர்கள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சார் ஆச்சு?" என்றாள் நாகஜோதி, உட்கார்ந்தபடியே.

அவள் எழுந்திருக்காததுதான் அவருக்கு எரிந்தது. சின்னமனூர்ப் பக்கத்து இந்தக் கல்லூரியில் அவருக்கு இருக்கும் சர்வீஸில் பாதிகூட அவளுக்கு இல்லை. போன வருஷம்வரை இந்த லேப் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கஸ்தூரியம்மாள் முதல்வராக வந்த கையோடு அதைப் பிடுங்கி இவளிடம் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. எல்லாம் உன் ஸ்கிரிப்டு பாத்த வேலை. தொறந்தா ஏதோ லினக்ஸ் ஏறிக் கெடக்கு. மொதப் பக்கத்துலயே உம் பேரு."

அவள் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயந்தான். பென்டிரைவைச் சொருகினால் போதும், எதையும் கேட்காமல் அதில் இருப்பதை அழித்துவிட்டு ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை அந்த ஸ்கிரிப்ட் தானாக ஏற்றிவிடும். வீட்டில் ஓட்டை உடைசல் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள்கூட அதைச் சொருகிப் படிக்கலாம். 'திங்கட்கிழமை எல்லோரும் காலி பென்டிரைவ் கொண்டுவரவும்' என்று போர்டில் எழுதிப்போட்டிருந்தாள்.

"எங்கன சொருகுனீக?"

"இங்கனதான், உன் லேப்புல. நேத்துச் சாயங்காலம் நீ போனப்பறம் கொஞ்சம் நோட்ஸ் எடுக்க வந்தேன்."

"எந்த மிஷின்ல?"

"எந்த மிஷினா இருந்தா ஒனக்கென்ன? எல்லாத்துலயும் அந்த எழவத்தான போட்டு வச்சிருக்க?"

மாணவர்களில் யாரோ சிரித்தார்கள். நாகஜோதி டம்ளரை நகர்த்திவிட்டு எழுந்தாள். "அப்ப மேடத்துகிட்டயே போயிருவோம் சார்."

அவருக்கும் அதுதான் வேண்டும். இந்தத் தடவை விடக்கூடாது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தார்.

முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். அட்டெண்டர் பிச்சைமணியின் மனைவி. போன செமஸ்டரில் வினாத்தாள் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாள் வெளியே போனதும், அந்த அறையின் சாவியை வைத்திருந்த பிச்சைமணியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இப்போது அந்தச் சாவி முதல்வரிடமே இருக்கிறது. மாயக்காள் மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறி தினமும் வந்து நியாயம் கேட்கிறாள்.

சுரேஷ்கண்ணனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். "சார், நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு அப்படிப்பட்ட ஆளு இல்ல சார்."

"சாவி அவன்கிட்டதானம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். விசாரணையிலும் இதையேதான் சொன்னார். அன்றைக்குப் பிச்சைமணிக்காகப் பரிந்து பேசிய ஒரே ஆள் நாகஜோதி.

கஸ்தூரியம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. பிறகு நாகஜோதியை முறைத்தார்.

"ஏம்மா, அடுத்தவுக பொருள அழிக்கிற மாதிரியா ஒரு வேலையப் பாத்து வைக்கிறது?"

நாகஜோதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுரேஷ்கண்ணனுக்கு மனது குளிர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சார், ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றார் முதல்வர். "படமெல்லாம் அதுக்கு முன்னாடி இருந்துச்சா? வேற எங்கனயும் சொருகி அழிஞ்சிருக்காதே?"

"மத்தியானம் சாப்புடுறப்பக்கூட என் லேப்டாப்புல வச்சுப் பாத்தேன் மேடம். சாயங்காலம் இங்கன காலேஜுல சொருகுனதுதான். அதுக்கப்பறம் ராத்திரி வீட்டுல தொறந்தா இப்படிக் கெடக்கு. எங்க வீட்டுல அழுதுக்கிட்டு இருக்காக."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"எம் மக மேல சத்தியமா. இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், லேப்ப அனுபவம் இல்லாதவுக கையில குடுக்காதீகன்னு. திரும்ப என் பொறுப்புல விடுங்க, நான் சரிபண்ணிக்கிர்றேன்."

"ஆகட்டும், பாப்போம். ஜோதி, மொதல்ல சார்ட்ட மன்னிப்புக் கேளு."

நாகஜோதி தலையை நிமிர்த்தினாள். "மன்னிச்சிருங்க சார். பிள்ளையோட படம் போனது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா லேப்புல இருக்கிற ஒரு மிஷின்லயும் அந்த ஸ்கிரிப்ட நான் இன்னும் போடல. திங்கக்கிழமதான் போடணும்."

"பாத்தீகளா மேடம், வாயத் தொறந்தாலே பொய்யி." சுரேஷ்கண்ணன் மேசையைத் தட்டினார். "அப்பறம் எம் பென்டிரைவுல எப்படி ஏறுச்சு? வேற எங்கனதான் போட்டு வச்சிருக்க, சொல்லு பாப்போம்."

கஸ்தூரியம்மாள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெளியே இருந்த மாயக்காளை உள்ளே வரச்சொன்னார். அவள் வந்து நின்றதும் சுரேஷ்கண்ணன் பக்கம் திரும்பினார்.

"வினாத்தாள் ரூம்ல மட்டுந்தான் சார்."