மாதிரி வகுப்பு

"அக்கா, ரெண்டாவது வரிசையில ஒருத்தன் வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்குவான். நிஜமாத் தூங்கறான்னு நம்பிடாத. எல்லாம் நடிப்பு."

பல்கலைக்கழக வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுத் தம்பி காதோடு காதாகச் சொன்னான். நிகழ்த்துகலைத் துறையில் நாடக வரலாற்றுப் பேராசிரியர் வேலை காலி. அதற்குத்தான் அக்காக்காரி வந்திருந்தாள். கேள்வி கேட்டு ஆள் எடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும்.

தம்பி அதே துறையில் நடிப்புப் படித்து வெளியே வந்தவன். உள்விவகாரம் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. மாதிரி வகுப்பில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேஷம் கொடுத்துவிடுவார்களாம். ஒருத்தன் தூங்க வேண்டும், ஒருத்தன் போனில் பேச வேண்டும், ஒருத்தி வம்புக்கு இழுக்க வேண்டும். வந்த ஆளைச் சோதித்த மாதிரியும் ஆச்சு, பிள்ளைகளுக்கு நடிப்புத் தேர்வு வைத்த மாதிரியும் ஆச்சு.

"எங்க வகுப்புல நான்தான் தூங்கினேன். பாடம் எடுக்க வந்த மனுஷன் பாதியிலேயே கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு முதல் மார்க்."

"பாவி," என்றாள் அக்காக்காரி. ஆனால் காலையிலிருந்து கூடவே வந்த பயம் அந்த நிமிஷமே ஓடிப்போனது. பதினொரு வருஷமாக ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை அவள். அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றே காலத்தை ஓட்டிவிட்டார்கள். இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் எந்தப் பல்கலைக்கழகமும் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காது.

முன்பக்கம் சின்ன மேடை போட்ட வகுப்பறைக்குள் நுழைந்தாள். கடைசி வரிசையில் துறைத்தலைவரும் இன்னும் இரண்டு பேரும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் முப்பது பிள்ளைகள். தம்பி சொன்னது அப்படியே இருந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு நெட்டையன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் ஒருத்தன் குனிந்து போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

வேறு நாளாக இருந்தால் அவள் பாடத்தையே மறந்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. நேராகப் போய் நெட்டையனின் தோளைத் தட்டினாள். அவன் திடுக்கிட்டு எழுந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்பது போல முழித்தான்.

"தூக்கம் சுமார். முழிச்சது பிரமாதம்," என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜன்னலோரத்தானிடம் போய், எதிர்முனையில் இருப்பவள் பேசவும் கொஞ்சம் இடம் விட்டால்தான் நம்பும்படி இருக்கும் என்று யோசனை சொன்னாள். அவன் அவசர அவசரமாகப் போனை அணைத்தான். அப்போது குட்டை முடி வைத்த பெண் ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், செத்துப்போனவங்க எப்படி நடிச்சாங்கன்னு தெரிஞ்சு எங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"கோபம் கச்சிதம். குரல்தான் கடைசி வரிசைக்குப் போகலை. இன்னொரு தடவை கேளு."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், அதே கேள்வியை உரக்கக் கேட்டாள்.

அக்காக்காரி ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள், விளக்குகளை அணைத்தாள். நாலு பேருடைய போனை வாங்கி, அதன் வெளிச்சம் மேல்நோக்கி அடிக்கும்படி மேடை விளிம்பில் வரிசையாக வைத்தாள். நெட்டையனை மேடையின் பின்சுவரோரம் நிறுத்தி, வீட்டு விலாசத்தைச் சொல்லச் சொன்னாள். மூஞ்சி தெரியலை என்று பெஞ்சுகளிலிருந்து குரல் வந்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான். இன்னொரு அடி வந்தான். விலாசம் முடிவதற்குள் மேடை விளிம்புக்கே வந்து நின்றான்.

"உன்னை யாராவது முன்னால வரச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

"விளக்கு சொல்லிச்சு. மின்சாரம் வர்றதுக்கு முன்னாடி, எண்ணெய் விளக்கு வெச்சு நடிச்சவரும் முக்கியமான வசனம்னா இப்படித்தான் முன்னால வந்து நின்னாரு. நாளைக்கு நீங்க மேடையில நிக்கிற இடத்தை யாரு தீர்மானிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

குட்டை முடிக்காரி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில் விளக்கு இருந்தால் உடையில் தீப்பிடிக்காதா என்று நெட்டையன்தான் முதலில் கேட்டான். அதற்குப் பதில் சொல்லி முடிக்க இன்னும் கால் மணி நேரம் ஆனது.

தன் அறைக்கு அழைத்துப்போய்த் துறைத்தலைவர் டீ வரவழைத்தார். இந்த வாரம் மட்டும் நாலு பேர் வந்தார்களாம், ஒருத்தராலும் பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்க முடியவில்லையாம்.

"உங்க தைரியத்தை நான் வேற யார்கிட்டயும் பார்த்ததில்லம்மா. திங்கட்கிழமையே சேர்ந்துடுங்க," என்று சம்மதக் கடிதத்தை நீட்டினார். அக்காக்காரி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். பதினொரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. வேலைதான் கைக்கு வந்துவிட்டதே, இனி மறைப்பானேன் என்று வாயைத் திறந்தாள்.

"பிள்ளைங்க எல்லாரும் நல்லா நடிச்சாங்க சார். அந்தத் தூங்கின பையனுக்கு எவ்வளவு மார்க் போடப்போறீங்க?"

துறைத்தலைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நினைவு வந்து தலையசைத்தார்.

"ஓ, அந்தத் தேர்வா. அது கடைசி வருஷப் பிள்ளைங்களுக்கு வெச்சது. அதை நிறுத்தி மூணு வருஷமாச்சும்மா. நீங்க பாடம் எடுத்தது முதல் வருஷம். இவங்க யாருக்கும் இன்னும் நடிக்கவே வராது."