மீட்டருக்குப் போகும் குழாய்

“மேடு ஏறினா டர்போ அழுத்தம் எகிறுது, உடனே என்ஜின் படுத்துக்குது. புது டர்போ போட்டும் பழைய வியாதி போகலம்மா. சாயந்திரத்துக்குள்ள சரியாகலைன்னா காரை வித்துடறதா முடிவு,” என்றார் வந்தவர்.

பெண் மெக்கானிக் காரை ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்ததும், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை அவள் தொடவில்லை. டாஷ்போர்டில் தனியாகப் பொருத்தியிருந்த அழுத்த மீட்டரின் மெல்லிய குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். டர்போவைக் கட்டுப்படுத்தும் குழாயிலிருந்து அது கிளை பிரிந்த இடத்தில் காற்று கசிந்தது.

“அழுத்தத்தைப் பார்க்க மாட்டின மீட்டர்தான் சார் அழுத்தத்தை ஏத்தியிருக்கு. கன்ட்ரோலுக்குக் காத்து முழுசாப் போகல, அதான் டர்போவை அடக்க முடியல.”

அவர் குனிந்து அந்தக் கசிவைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“உங்களை இப்படி அலையவிட்ட மெக்கானிக்கை நல்லா நாலு வார்த்தை கேளுங்க சார்.”

“கேட்டுட்டுத்தாம்மா இருக்கேன். பதில் சொல்ல முடியாம நிக்கறான்.”

அவள் புரியாமல் நிமிர்ந்தாள்.

“கார் என்னோடது இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஒர்க்ஷாப்தான் என்னோடது. அந்த மீட்டரை மாட்டினதும் நான்தான். கார்க்காரர் சாயந்திரம் வர்றார். கண்டுபிடிச்சது யாருன்னு அவருக்குத் தெரியணும். கூட வர்றீங்களா?”